எல்லாம் பண்டிகை முடியட்டும்

ஜெருசலேமில் எது ரிப்பேர் ஆனாலும் புரட்டாசியில் ஆகக்கூடாது. 2017 செப்டம்பரில் எங்கள் மொட்டைமாடி சோலார் ஹீட்டர் ஒழுக ஆரம்பித்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "பண்டிகையெல்லாம் முடியட்டும்" என்றார். பிளம்பரும் அதையேதான் சொன்னார். வேலை பார்த்த இடத்தில் ஒரு கையெழுத்துக்காகப் போனால், அங்கிருந்த அம்மாள் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிட்டார். பல் வைத்தியர், தையற்காரர், வங்கிக்காரர் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே பதில். திஷ்ரி மாதத்தின் முதல் 22 நாட்களுக்குள் யூதர்கள் ரோஷ் ஹஷானா என்ற புத்தாண்டையும், யோம் கிப்பூர் என்ற நோன்பையும், சுக்கோத் என்ற கூடாரப் பண்டிகையையும், சிம்ஹத் தோரா என்ற ஆட்டபாட்ட நாளையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். இடையில் கிடைக்கிற வேலை நாட்களில் அடுத்த பண்டிகைக்குச் சாமான் வாங்குகிறார்கள். பிளம்பருக்கு ஏது நேரம்?

நான் அங்கே வேதியியலில் முனைவருக்குப் பிந்தைய ஆராய்ச்சிக்காகப் போயிருந்தேன். நஹ்லாவோத் பகுதியில் ஒரு சந்துக்குள் தரைத்தள வீடு. மாடியில் அமெரிக்கப் பையன்கள். அமெரிக்காவில் ஆசாரமான யூதக் குடும்பங்கள் பலவற்றில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிள்ளைகளை நேரே கல்லூரிக்கு அனுப்புவதில்லை. ஒரு வருஷம் இஸ்ரேலுக்கு அனுப்பி வைக்கிறார்கள். பையனென்றால் யெஷிவா என்ற வேதபாடசாலையில் தால்முத் என்ற சட்ட விளக்க நூலைப் படிக்க வேண்டும். பெண்ணென்றால் அதற்கென்று தனிப் பள்ளிகள் உண்டு. டாலரில் ஃபீஸ் கட்டி, பெட்டி கட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு விமானம் ஏற்றிவிடுவார்கள்.

மாடிப் பையன்களில் ஒருவன் மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டான். நியூஜெர்சியில் டீனெக் என்ற ஊர். வயது 18, உயரம் ஆறடி, நான் அவனை மனதுக்குள் 'தம்பி' என்றே வைத்திருந்தேன். அவனுடைய எபிரேயம் பிரார்த்தனைப் புத்தகத்திலிருந்து வந்தது. பாவங்களை அகர வரிசையில் கடகடவென்று ஒப்பிப்பான். கடையில் அரைக் கிலோ தக்காளி கேட்கச் சொன்னால் முழிப்பான்.

அவன் வந்தது ஆகஸ்ட் கடைசியில். திஷ்ரிக்கு முந்தின எலூல் மாதம் பிறந்தால் யெஷிவாவில் வகுப்பு தொடங்கும். தினமும் காலையில் ஆட்டுக்கடா கொம்பை ஊதி, 'புத்தாண்டு வருகிறது, மனம் திருந்து' என்று எழுப்பிவிடுவார்கள். ஒரு மாதத்துச் சொச்சம் இப்படிப் போகும். யோம் கிப்பூர் முடிந்த மறுநாளே லீவு, மூன்று வாரம். முதல் லீவு இவ்வளவு சீக்கிரம் வருகிற படிப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. லீவென்றால் யெஷிவா சமையலறையும் லீவு. இஸ்ரேல்காரப் பிள்ளைகள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். டீனெக் பையன் எங்கே போவான்?

ஆக, வேதம் படிக்க வந்தவன் அந்த மாதம் முழுக்க ஆராய்ந்தது அடுத்த வேளைச் சோறு யார் வீட்டில் என்பதைத்தான். அம்மாவின் தோழிக்கு நாத்தனார், பழைய பள்ளி ஆசிரியரின் மாமனார், யாரென்றே தெரியாத ஆனால் 'வா வா' என்கிற குடும்பங்கள் என்று அவனிடம் ஒரு பட்டியலே இருந்தது. ஜெருசலேமை ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். மேற்குச் சுவர்ப் பக்கம் வெள்ளிக்கிழமை மாலையில் திருதிருவென்று நிற்கிற மாணவர்களைப் பிடித்து, ஏதாவது ஒரு வீட்டுக்குச் சாப்பிட அனுப்புவதையே தொண்டாகச் செய்கிறவர்கள் அங்கே உண்டு. கீழ் வீட்டில் நான் ரசம் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் பாத்திரம் அவன் ஆசாரத்துக்கு ஆகாது. வாசனை மட்டும் மாடி ஏறும். பையன் பால்கனியில் நின்று மூச்சை இழுத்துவிட்டு உள்ளே போய்விடுவான்.

அந்த வருஷம் புத்தாண்டு வியாழனும் வெள்ளியும் வந்தது. அதோடு சனிக்கிழமை சப்பாத் என்ற ஓய்வு நாளும் சேர்ந்துகொண்டது. மூன்று நாள் கடை கிடையாது, பஸ் கிடையாது, சுவிட்சைத் தொடக்கூடாது. வியாழன் மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். காலிங்பெல்லும் மின்சாரமாயிற்றே, அதனால் தட்டல். வெள்ளைச் சட்டையில் தம்பி நின்றான்.

"எங்க ஃப்ரிட்ஜுக்குள்ள ஒரு பல்பு இருக்கு."

"எல்லா ஃப்ரிட்ஜிலயும் இருக்குமே."

"கதவைத் திறந்தா எரியும்."

"எரியணும். அதுக்குத்தான் வச்சிருக்கான்."

"நேத்து சாயங்காலம் அதைக் கழட்டி வைக்கணும். ஆளாளுக்கு இன்னொருத்தன் கழட்டியிருப்பான்னு இருந்துட்டோம்."

"அடடா."

"மூணு நாள் சாப்பாடும் உள்ளே இருக்கு."

நான் மேற்கொண்டு ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் நான் ஏதாவது செய்வேன் என்று காத்திருந்தான். கடைசியில், "உங்களுக்கு ஆரஞ்சு ஜூஸ் பிடிக்கும்னா எங்க ஃப்ரிட்ஜில இருக்கு" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் காரியத்தைச் செய் என்று வேற்று மதத்தாரிடம் நேராகக் கேட்கக்கூடாது, ஜாடையாகச் சொல்லலாம். மாடிக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன், பல்பைத் திருகிக் கழற்றினேன், ஜூஸையும் குடித்தேன். குடிக்காமல் வந்தால் ஜாடை பொய்யாகிவிடும் அல்லவா?

அதற்குப் பிறகு எனக்கு மாடியில் ஒரு பதவி வந்துவிட்டது. 'ரூம் ரொம்பக் குளிருது' என்றால் ஏசியை அணைக்க வேண்டும். 'இன்னிக்கு ராத்திரி நல்ல இருட்டு' என்றால் மாடிப்படி விளக்கு. ஜாடை புரியாத மருமகள்கூட அந்த வீட்டில் ஒரு மாதம் இருந்தால் தேறிவிடுவாள்.

புத்தாண்டு இரவில் சந்துக் கோடியில் இருந்த மொராக்கோ யூதக் குடும்பம் அவனுக்குச் சோறு போட்டது. ஊரில் ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தின்று புத்தாண்டை முடித்துவிடுகிற பையன், அங்கே வந்த தட்டுகளைப் பார்த்து மிரண்டுபோனான். காராமணி, சுரைக்காய், கீரைத்தண்டு, பேரீச்சை, மாதுளை, நடுவில் ஒரு மீன் தலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல். மீன் தலை, 'வாலாக அல்ல, தலையாக இருப்போம்' என்பதற்கு. "அது என்னையே பார்த்துச்சு" என்றான் தம்பி. மூன்று நாள் முடிந்து வந்தபோது அவன் சட்டைப் பொத்தான்கள் தவித்துக்கொண்டிருந்தன.

யோம் கிப்பூரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 25 மணி நேரம் பச்சைத் தண்ணீர் கிடையாது. விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். பெகின் நெடுஞ்சாலையில் கார்களுக்குப் பதில் சைக்கிளில் சிறுவர்கள் போனார்கள். தோல் செருப்பு ஆகாது என்பதால், வெள்ளை உடையில் கம்பீரமாக வருகிற பெரியவர்கள் காலில் பச்சை, ஆரஞ்சு ரப்பர் செருப்புகள். நோன்பு முடிந்த ராத்திரியே ஊர் முழுக்கச் சுத்தியல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அடுத்த பண்டிகைக்குப் பந்தல்கால் நடுகிறார்கள்.

சுக்கோத்துக்கு ஏழு நாள் பந்தலுக்குக் கீழேதான் சாப்பிட வேண்டும். கூரை மண்ணில் முளைத்ததாக இருக்க வேண்டும். ஓலை, மூங்கில், தழை எதுவானாலும் சரி. நிழல் தரவும் வேண்டும், ராத்திரியில் நட்சத்திரமும் தெரிய வேண்டும். மேல் வீட்டுப் பால்கனி தலைக்கு மேல் வந்தால் பந்தல் செல்லாது. இதற்காகவே அங்கே ஆசாரமானவர்கள் வாழும் பேட்டைகளில் பால்கனிகளை மாடிக்கு மாடி விலக்கிக் கட்டியிருப்பார்கள். நம் பையன்கள் நாலு இரும்புக் குழாய், வெள்ளைத் துணி, மேலே பேரீச்சை ஓலை என்று கட்டி, உள்ளே சீனத்து ஜிகினாவைத் தொங்கவிட்டார்கள். ஆபிரகாமிலிருந்து தாவீது வரை தினம் ஒருவராக முன்னோர்கள் அந்தப் பந்தலுக்கு விருந்தாளியாக வருவதாக ஐதீகம். பசியோடு இருக்கிற பையன்களுக்குச் சாப்பிடாத விருந்தாளிகள் கிடைத்தது பெரிய பாக்கியம்.

பந்தலைவிடப் பெரிய கூத்து எத்ரோக். கையில் பிடித்துப் பிரார்த்திக்க நான்கு வகை வேண்டும்: பேரீச்சங்குருத்து, மிர்ட்டில் கிளை, வில்லோ கிளை, எத்ரோக் பழம். தம்பியோடு மஹானே யெஹுதா சந்தைப் பக்கம் துணைக்குப் போனேன். நகைக் கடைக்காரர் கண்ணில் வைக்கிற லென்ஸை வைத்துக்கொண்டு தாடிக்காரர்கள் மஞ்சள் பழங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். மேல் பாதியில் கறுப்புப் புள்ளி கூடாது. நுனியில் மொட்டு மாதிரி ஒரு காம்பு இருந்து அது உடைந்துவிட்டால் பழம் செல்லாது. தம்பி ஒன்றை எடுப்பான், வெயிலில் பிடிப்பான், பெருமூச்சு விட்டு வைப்பான். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளைகூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டான். ஒருவழியாக 150 ஷெகலுக்கு ஒன்றை எடுத்து, பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைத்தான். அப்போதுதான் அதை நான் கையில் வாங்கி முகர்ந்தேன். நம்ம நார்த்தங்காய்க்குப் பங்காளி!

"எங்க ஊர்ல இந்தச் சாதியை உப்புல ஊறப்போட்டு மோர்சாதத்துக்குத் தொட்டுக்குவோம்" என்றேன்.

தம்பி பெட்டியை என்னிடமிருந்து வாங்கி மறுபக்கம் மாற்றிக்கொண்டான்.

இனிமேல்தான் உண்மையான அநியாயம். பழங்காலத்தில் மாதப் பிறப்பு எப்போது என்பதை, பிறையைக் கண்ணால் பார்த்த சாட்சிகளை வைத்து ஜெருசலேமில்தான் முடிவு செய்வார்கள். முதலில் மலைக்கு மலை தீ மூட்டித் தகவல் சொன்னார்கள். சமாரியர்கள் வேண்டுமென்றே தப்பான நாளில் தீ மூட்டிக் குழப்பியதால் தூதர்களை அனுப்பினார்கள். தூதர் போய்ச்சேராத தூரத்தில் இருந்தவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று பண்டிகைகளை இரண்டு நாள் கொண்டாடினார்கள். பிறகு கணக்குப் போட்டு நிலையான பஞ்சாங்கம் வந்துவிட்டது. சந்தேகம் போய்விட்டது, இரண்டாம் நாள் போகவில்லை. புத்தாண்டும் யோம் கிப்பூரும் தவிர மற்றவை இஸ்ரேலில் ஒரு நாள், வெளிநாட்டில் இரண்டு நாள். சரி, வெளிநாட்டுக்காரன் இஸ்ரேலுக்கு வந்தால்? ஊர் திரும்புகிற உத்தேசம் இருந்தால் அவனுக்கு இரண்டு நாள்தான் என்பது பெரும்பாலான ரப்பிகளின் தீர்ப்பு. ஒரு நாள் போதும் என்கிறவர்களும் உண்டு. 'ஒன்றரை நாள்' என்று சொல்கிறவர்களும் உண்டு. அதாவது தொழுகை உள்ளூர்க்காரன் மாதிரி, விலக்குகள் மட்டும் வெளியூர்க்காரன் மாதிரி. ஸ்மார்த்த ஏகாதசி, வைஷ்ணவ ஏகாதசி என்று காலண்டரில் அடுத்தடுத்து இரண்டு ஏகாதசி பார்த்து வளர்ந்த எனக்கு இது சட்டென்று புரிந்தது. ஒரே வீட்டுக்குள் மூன்றும் நடக்கும் என்றுதான் நான் எதிர்பார்க்கவில்லை.

அக்டோபர் 6, வெள்ளிக்கிழமை. இஸ்ரேல்காரர்களுக்கு முந்தின நாளோடு பண்டிகையின் முதல் நாள் முடிந்துவிட்டது. கடைகள் திறந்துவிட்டன. மாடியில் ஒரு நாள் கட்சிக்காரன் அரை டிரவுசர் போட்டுக்கொண்டு டெல் அவீவ் கடற்கரைக்குக் கிளம்பினான். இரண்டு நாள் கட்சிக்காரனான நம் தம்பி கோட்டு சூட்டோடு, வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே நடக்கிற தொழுகைக்கு நடந்து போனான். ஒன்றரை நாள் கட்சிக்காரன் தொழுகைக்கும் போக முடியாமல், பஸ்ஸிலும் ஏற முடியாமல், ஜன்னலில் உட்கார்ந்து இருவரையும் பார்த்தான். மூவருக்கும் மத்தியானம் பசித்தது. எதிர்வீட்டு அம்மாள் காரை எடுத்துக்கொண்டு சாமான் வாங்கப் போனதைத் தம்பி பார்த்த பார்வை எனக்கு இப்போதும் மறக்கவில்லை. அடுத்த வாரம் சிம்ஹத் தோராவும் வியாழனில் வந்து தொலைத்தது. உள்ளூர்க்காரனுக்கு அந்தப் பருவத்தில் மூன்று நாள் முடக்கம் ஒரே தடவைதான், புத்தாண்டுக்கு. நியூஜெர்சிக்காரனுக்கு மூன்று தடவை. சொந்த மண்ணைத் தேடி வந்தவனுக்கு இரட்டிப்புத் தண்டனை!

சிம்ஹத் தோராவில் புனிதச் சுருள்களைத் தோளில் வைத்துக்கொண்டு ஏழு சுற்று ஆடுவார்கள். தம்பி உள்ளூர்க்காரர்களோடு ஒரு நாள் ஆடினான். மறுநாள்தான் அவன் கணக்குக்கு நிஜமான சிம்ஹத் தோரா என்பதால் இன்னொரு முறை ஆடினான். வியாழன் ராத்திரி உள்ளூர்க்காரர்கள் பண்டிகை முடிந்துபோனதற்கு மைதானத்தில் பாண்டு வாத்தியம் வைத்து அவர்கள் பங்குக்கு ஆடினார்கள். யாருக்குப் பண்டிகை, யாருக்கு முடிந்துவிட்டது என்று விசாரிப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

பண்டிகை முடிந்த மறுநாள் எத்ரோக்கின் விலை பூஜ்யம். மாடிப் பையன்கள் அத்தனை பேரும் தங்கள் பழத்தைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அது தின்பதற்காக வளர்க்கிற பழமல்ல. புள்ளி விழக்கூடாது என்று பூச்சிமருந்தில் குளிப்பாட்டுவார்கள். வேதியியல் படித்தவன் என்பதால் நன்றாகக் கழுவி, தோலின் மேல்பூச்சைச் சீவி, உப்பும் மிளகாயும் போட்டு ஜாடியில் அடைத்தேன். சாறு சொட்டுகூட இல்லை, எல்லாம் வெள்ளைச் சதை. ஆனாலும் ஊறியபிறகு மோர்சாதத்துக்குக் குறை சொல்ல முடியாது. 150 ஷெகல் ஊறுகாயை அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை. பிளம்பரும் வந்தார். ஹீட்டரைப் பார்த்துவிட்டு, புதுசுதான் போட வேண்டும் என்றார்.

தள்ளிப்போடுவதில் அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு தீவிரமானவர்கள் என்பது மழை விஷயத்தில்தான் எனக்கு விளங்கியது. பண்டிகையின் கடைசி நாளிலேயே மழைக்கான பிரார்த்தனை வந்துவிடுகிறது. ஆனால் 'மழை கொடு' என்று நேராகக் கேட்பது திஷ்ரிக்கு அடுத்த ஹெஷ்வான் மாதம் 7ஆம் தேதிதான். அந்த வருஷம் அது அக்டோபர் 27. காரணம், ஜெருசலேம் கோயிலுக்கு வந்துவிட்டுப் பாபிலோன் திரும்புகிற யாத்ரீகர்களில் கடைசி ஆள் யூப்ரடீஸ் நதியை எட்டும்வரை நனையக்கூடாதாம். கோயில் கி.பி. 70இல் இடிந்துவிட்டது, யாத்ரீகர்களும் விமானத்தில் வருகிறார்கள். இன்னும் 15 நாள் பொறுத்துத்தான் கேட்கிறார்கள். எல்லாம் பண்டிகை முடியட்டும் என்று கடவுளிடமே சொல்கிறவர்களிடம் நான் வெந்நீருக்குச் சண்டை போட்டிருக்கிறேன்.

ஆகவே, ஜெருசலேமில் ஏதாவது வேலை ஆக வேண்டியவர்கள் ஹெஷ்வான் மாதம் பார்த்துப் போங்கள். அலுவலகங்கள் திறந்திருக்கும், பிளம்பர் போனை எடுப்பார். ஆனால் 28ஆம் தேதிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். 29 எத்தியோப்பிய யூதர்களின் சிக்த் திருநாள். 2008 முதல் அதுவும் அரசு விழா.