ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க!

மோடத்தில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக மின்னினால், கண்ணாடியிழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் எங்கோ கேபிள் அறுந்திருக்கும். மழைநீர் வடிகாலுக்குத் தெருவைத் தோண்டிய பொக்லைனைக் கேட்டால் தெரியும். வாடிக்கையாளர் சேவைக்கு மட்டும் தெரியாது. தமிழுக்கு ஒன்றை அழுத்தி, பாட்டு முழுவதையும் கேட்டு முடித்தால், "சார், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். அறுந்த இழை அதில் ஒட்டிக்கொள்ளுமாம்! நடுவே ஒரு பதிவுக் குரல், புகாரைச் செயலியிலேயே பதியலாம் என்கிறது. இணையம் இல்லை என்ற புகாரை இணையத்தில்! அப்புறம் குறுஞ்செய்தி: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." தீர்ந்தது புகார்தானே, கோளாறு இல்லையே. பேசாமல், உங்கள் பகுதி லைன்மேன் தம்பியின் எண்ணை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.