சத்தம் போடாத மோட்டார்

கூரம் பக்கத்தில் மோட்டார் என்றால் சத்தம் போட வேண்டும். கிணற்று மோட்டார் உறுமும். பவர் டில்லர் படபடக்கும். ஆயில் என்ஜின் அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். அதனால், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் ஏரியில் இறக்கிய சின்ன ஃபைபர் படகு முணுக்கென்ற ஓசைகூட இல்லாமல் நகர்ந்தபோது, கரையில் நின்றவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: "மோட்டாரு ஓடல சார். காத்து தள்ளுது."

காற்று தள்ளவில்லை. தள்ளியது அவருடைய அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த டிரோலிங் மோட்டார். தூண்டில்காரர்களுக்கென்றே செய்யப்பட்ட மின்சார மோட்டார் இது. மீன் மிரளாமல் படகு ஊர்ந்து போக வேண்டும், அவ்வளவுதான் இதன் வேலை. 1934-இல் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ ஊரில் ஓ.ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, அதில் தண்டையும் புரொப்பல்லரையும் பூட்டிப் பார்த்தார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1881-இல், பாரிஸில் குஸ்தாவ் துரூவே பேட்டரி மோட்டார் மாட்டிய படகை செய்ன் நதியில் ஓட்டிக் காட்டியிருந்தார். ஆக, சாமான் புதிதல்ல. கூரத்துக்குத்தான் புதிது.

கூரமும் லேசுப்பட்ட ஊரில்லை. கூரத்தாழ்வான் பிறந்த மண். பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட கூரம் செப்பேட்டில் பரமேசுவர தடாகம் என்ற ஏரி வருகிறது, அதற்குப் பாலாற்றிலிருந்து வெட்டிய கால்வாய் வருகிறது, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒதுக்கிய பங்குகூட வருகிறது. படகு மெக்கானிக்குக்குத்தான் பங்கு எதுவும் காணோம். அந்தக் குறையைக் கரையில் கூடியவர்கள் இலவசமாகவே தீர்த்துவைத்தார்கள்.

உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கக் குடவோலை போட்டார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். சொந்த நிலம், படிப்பு என்று இன்னும் பல நிபந்தனைகள். கூரம் கரையில் கூடிய வாரியத்துக்குக் குடமும் இல்லை, ஓலையும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் முதல் எண்பதைத் தாண்டிய பெரியவர் வரை எல்லாரும் உறுப்பினர்.

"எத்தினி எச்.பி. சார்?" என்பதுதான் வாரியத்தின் முதல் கேள்வி.

சார் கொஞ்சம் தயங்கினார். இந்த மோட்டாரை எச்.பி.யில் அளப்பதில்லை, உந்துவிசையை பவுண்டில் சொல்வார்கள். இது 55 பவுண்டு. முழு வேகத்தில் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 50 ஆம்பியர் இழுக்கும். பெருக்கினால் 600 வாட். ஒரு எச்.பி. என்பதோ 746 வாட். ஐந்தும் ஏழரையுமாக பம்ப்செட் வைத்திருப்பவர்கள் நடுவில் நின்றுகொண்டு, முழுசாக ஒன்றுகூடத் தேறாது என்று எப்படிச் சொல்வது? "அது வேற கணக்குப்பா" என்று முடித்துக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்து மோட்டார் நிஜமாகவே நின்றது.

பம்ப்செட்டுக்கு வைண்டிங் கட்டுகிறவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "காயிலு போச்சு சார். அவுத்துடலாம்." டிராக்டர் ஓட்டுகிறவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு கார்பன் மேல்தான் சந்தேகம். பாலிடெக்னிக்கில் படிக்கும் பையன் ஒருவன் மட்டும் மல்டிமீட்டர் எடுத்துவர வீட்டுக்கு ஓடினான். அவன் திரும்பி வருவதற்குள் மூன்று ஸ்பானர்கள் வந்து சேர்ந்துவிட்டன.

பேட்டரி சாருடைய வீட்டு இன்வெர்ட்டருக்குச் சொந்தமானது. 150 ஏ.எச். டியூபுலர், எடை ஐம்பது கிலோவைத் தாண்டும். தேர்வு சரிதான்: கார் பேட்டரி ஒரு நொடி வேகமாகக் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கப் பழகியது, டியூபுலர்தான் மணிக்கணக்கில் நிதானமாகக் கொடுக்கும். மீட்டரில் 12.7 வோல்ட் காட்டியது, முழு சார்ஜ். மோட்டாரைப் போட்டதும் மோட்டார் முனையில் அது எட்டுக்கு இறங்கியது. அப்போதுதான் பையன் வயரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். பேட்டரியைப் படகின் முன்பக்கம் வைத்திருந்ததால், பின்பக்க மோட்டார் வரை இழுக்க, வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 ஸ்கொயர் எம்.எம். வயரை ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஐந்து மீட்டர் தூரம், போக வரப் பத்து மீட்டர். அதில் 40 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 5 வோல்ட்டை வயரே தின்றுவிடும். மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது பந்தியில் கடைசி ஆளுக்கு வந்த பாயசம்.

தீர்வு வெல்டிங் பட்டறையிலிருந்து வந்தது. 16 ஸ்கொயர் எம்.எம். வெல்டிங் கேபிள் போட்டால் அதே தூரத்தில் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். பேட்டரி டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாசலின் தடவினார்கள். "அப்ப காயிலு?" என்றார் வைண்டிங்காரர், விட மனசில்லாமல்.

படகு கிளம்பியது, பின்பக்கமாக. கேபிள் மாட்டிய அவசரத்தில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருந்தன. நிலைக்காந்தம் வைத்த டி.சி. மோட்டார், முனை மாறினால் சுற்றும் திசையை மாற்றிக்கொள்ளும். எலக்ட்ரானிக் கட்டுப்பாடு வைத்த புது மாடலாக இருந்திருந்தால் புகை வந்திருக்கும். இது பழைய வகை என்பதால் மதகுச் சுவரில் முட்டியதோடு சரி.

காயில்காரருக்கும் ஒரு நாள் வந்தது. இந்த வகை மோட்டாரில் ஐந்து வேகம் உண்டு. முதல் நான்கு வேகத்துக்கு மின்சாரம் உள்ளே இருக்கும் ஒரு மின்தடைச் சுருள் வழியாகப் போகும். ஐந்தாவதுக்கு மட்டும் நேர்வழி. சுருள் எரிந்தால் நாலும் செத்து, ஐந்து மட்டும் வேலை செய்யும். அப்படியே ஆனது. வைண்டிங்காரர் அன்று ஊரில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

அடுத்தது ஆகாயத்தாமரை. மோட்டார் சுற்றுகிறது, படகு நகரவில்லை. புரொப்பல்லரைத் தண்டோடு பிணைக்கும் சின்ன ஊசி முறிந்திருந்தது. முறிவதற்கென்றே வைத்த ஊசி அது: கொடியோ கல்லோ மாட்டினால் அது முறிந்து தண்டைக் காப்பாற்றும். டிராக்டர்காரர் பெருமையோடு ஒரு இரும்பு ஆணியை அறைந்து தந்தார். "இனி ஜென்மத்துக்கும் ஒடியாது சார்." ஆணி ஒடியவில்லைதான். அடுத்த கல்லில் வளைந்தது தண்டு. அதைக் கழற்றும்போது புரொப்பல்லருக்குப் பின்னால் யாரோ விட்ட தூண்டில் நரம்பு பந்தாகச் சுற்றியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆயில் சீலை அறுத்து மோட்டாருக்குள் ஏரியையே இறக்கியிருக்கும்.

அக்கா மகன் போனில் தைரியம் சொன்னான். "மாமா, வைக்கத்துல 2017-லேருந்து ஆதித்யான்னு சோலார் படகு ஓடுது. 75 பேர் போறாங்க." சார் இதைக் கரையில் எடுத்துச் சொன்னார். தெர்மாகோல் தெப்பத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த மீன் குத்தகைக்காரர் நிமிராமலே பதில் சொன்னார்: "அங்க மெக்கானிக் ஒருத்தர்தான் இருப்பாரு சார்."

இதற்குள் வீட்டில் ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று. பேட்டரி ஏரியில் இருந்தது. சீரியல் பாதியில் நின்றது. வீட்டம்மா என்ன சொன்னார் என்பது தெருவுக்கே தெரியும் என்பதால் இங்கே எழுத வேண்டியதில்லை.

மோட்டார் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. அடுத்த முறை வரும்போது 24 வோல்ட் மாடல் கொண்டுவருவதாக அக்கா மகன் சொல்லியிருக்கிறான். அதற்கு இரண்டு பேட்டரியைத் தொடராக இணைக்க வேண்டும். சார் எதிர்வீட்டுக்குப் போய், அவர்களுடைய இன்வெர்ட்டர் எத்தனை ஏ.எச். என்று விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். எதிர்வீட்டு அம்மா அன்றைக்கே இன்வெர்ட்டர் வைத்த அலமாரிக்குப் பூட்டு வாங்கிவிட்டார்.