கழித்தல் கணக்குப் புலி

வர்ஜீனியா மாநிலத்தின் பிளாக்ஸ்பர்க் ஊரில், சனிக்கிழமை அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்துக்கு முன்னால் லேன் ஸ்டேடியம் பக்கம் போனால் அந்த ரசிகரைப் பார்க்கலாம். தொப்பைமேல் மெரூன் பனியன், கையில் வான்கோழிக் கால். (வர்ஜீனியா டெக் அணியின் சின்னமே வான்கோழி மாதிரி ஒரு பறவைதான். பக்தியும் பசியும் அங்கே முட்டிக்கொள்வதில்லை.) இன்றைக்கு ஆட்டம் யாரோடு என்று கேட்டால் யோசிப்பார். ‘பட் ஃபாஸ்டர்’ என்று சொல்லிப் பாருங்கள், வான்கோழியைக் கீழே வைத்துவிடுவார்.

ஃபாஸ்டர், தலைமைக் கோச் ஃபிராங்க் பீமரோடு 1987-இல் வந்து 2019 வரை அங்கேயே வேர்விட்ட தடுப்பாட்டக் கோச். சுரங்கத் தொழிலாளி எடுத்துப்போகிற மாதிரியான தகரச் சாப்பாட்டு டப்பாவைத் தன் படைக்குச் சின்னமாக்கியவர். 2006-இல் நாட்டின் சிறந்த உதவிக் கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது வாங்கியவர். இதுவரை எல்லோருக்கும் சம்மதம். சண்டை இதற்கு மேல்தான்.

நம்மவர் கட்சி இது: ஜெயித்தால் ஃபாஸ்டர், தோற்றால் மற்றவர்கள்.

“2000 ஜனவரி தேசிய இறுதியாட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட் 46 அடித்ததே?” என்று ஓர் இளைஞன் சீண்டுவான்.

“அதில் 14, நாம் பந்தை எதிராளிக்கு உதைத்தனுப்பும் பன்ட்டில் போனது. தடுப்பாட்டக் கணக்கில் வராது தம்பி, கழி.”

“கழித்தாலும் 32. நாம் எடுத்தது 29.”

வான்கோழிக் கால் மறுபடி வாய்க்குப் போகும்.

2014 என்றால் குஷி. எதிராளியின் ஊரான கொலம்பஸுக்கே போய் ஒஹாயோ ஸ்டேட்டை 35-21 என்று சாய்த்த கதையை மூச்சுவிடாமல் சொல்வார். அந்தப் பருவத்தில் சாம்பியனான அணிக்கு அது ஒன்றுதான் தோல்வி. அதே பருவத்தில் வர்ஜீனியா டெக் 7 வெற்றி, 6 தோல்வி என்று யாராவது ஞாபகப்படுத்தினால், “அது அட்டாக்கின் லட்சணம்” என்பார். இதில் நியாயம் இல்லாமலும் இல்லை. வேக் ஃபாரஸ்டோடு ஆடியபோது முழு ஆட்டநேரமும் முடிந்து ஸ்கோர் 0-0. எதிராளிக்கு ஒரு புள்ளிகூடத் தராதவர் இன்னும் என்ன செய்ய வேண்டும், அவரே இறங்கி ஓட வேண்டுமா? கூடுதல் நேரத்தில் 6-3 என்று தோற்ற இடம் வரும்போது மட்டும் நம்மவருக்கு இருமல் வந்துவிடும்.

2018-இல் ஓல்ட் டொமினியனிடம் 49 வாங்கியது? “எல்லாம் பச்சைப் பிள்ளைகள்.” இளைஞனும் லேசுப்பட்டவனல்ல. 2019 நவம்பரில் ஜார்ஜியா டெக்கையும் பிட்ஸ்பர்க்கையும் அடுத்தடுத்து பூஜ்யத்தில் நிறுத்தியதைப் பற்றி அவன் வாயே திறக்கமாட்டான்.

ஃபாஸ்டரின் கடைசி ஆட்டத்தில் கென்டக்கி 37-30 என்று ஜெயித்தது. கடைசி 6 புள்ளி, வர்ஜீனியா டெக் அட்டாக் நழுவவிட்ட பந்தில் வந்தது. நம்மவர் அதையும் கழித்துவிட்டார். அவர் கணக்கில் 31-30, அதாவது கௌரவமான தோல்வி.

ஃபாஸ்டர் பெரிய கோச் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்படியொரு வக்கீல்தான் அவருக்குத் தேவையில்லை.