உபயோகவாதி

தீபாவளிக்கு முந்திய பதினைந்து நாட்களில், ஊராரெல்லாம் தத்தமக்கு வேண்டியவற்றை வாங்கக் கடைவீதியில் இடிபட்டுக்கொண்டிருக்கையில், பிறருக்கு வேண்டியது இன்னதென்று அவர்களைவிடத் தமக்கே நன்றாகத் தெரியும் என்ற திடசித்தத்துடன், தீர்ப்பெழுதப் போகும் நியாயாதிபதியைப் போல நிதானமாக நடந்து வருகிறாரே, அவர்தாம் உபயோகவாதி. அவரைக் கருமி என்று எண்ணுவது அபசாரம், கைந்நிறையச் செலவழிப்பார். பரிசுப் பொருள் உபயோகமாயிருக்க வேண்டும், பெறுகிறவருக்குச் சந்தோஷம் உண்டாவதும் உண்டாகாததும் அவரவர் பூர்வபுண்ணியம் என்பதே அவருடைய சித்தாந்தம்.

தலைதீபாவளிக்கு வந்த தம்பதிகளுக்கு ஒருமுறை அவர் அளித்தது திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. சரிகைக் காகிதத்தில் சுற்றியிருந்ததைப் பட்டுத்துணி என்று நம்பிய மணப்பெண், நாணத்தோடு ஒற்றைக் கையை நீட்டிவிட்டு, அதன் பாரத்தில் தோள் சரிந்து நின்றாள். "ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. பகல் பூரா வீடு பூட்டித்தானே கிடக்கும், மாப்பிள்ளை!" என்று அவர் விளக்கியபோது, மாப்பிள்ளையால் மறுத்துப் பேச இயலவில்லை. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டதால், அவருடைய பிடிவாதத்துக்கு அரசாங்க முத்திரையும் விழுந்துவிட்டது. மத்தாப்பை எதிர்பார்த்து ஓடிவந்த அண்ணன் பேரனுக்குக் கிடைத்தது ஒரு புட்டி தீபாவளி லேகியம். சுக்கும் ஓமமும் அரிசித்திப்பிலியும் சேர்ந்தது என்று அவர் விவரிக்கத் தொடங்குமுன்பே குழந்தை விக்கி விக்கி அழத் தொடங்கிவிட்டான்.

கொடுத்ததோடு விட்டாரானால் லோகம் அவரை மன்னித்திருக்கும். பொங்கலுக்கு அவர் பரிசோதனைக்கு வருவார். வாசலில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் பரண்களிலிருந்து பொருள்கள் இறங்கும் வேகத்தைக் காணக் கண் கோடி வேண்டும்.

அவருடைய தர்மபத்தினியோ முற்றிலும் வேறு ஜாதி. நவராத்திரியில் கொலு பார்க்கப் போகும் வீடுகளில் பொம்மைகளைப் பாதியும், அடுக்களையை மீதியுமாகப் பார்த்துத் திரும்புகிறவள் அவள். முழங்கால் வலியால் தரையில் உட்காரவே முடியாத பெரியம்மா, சுண்டல் மடித்துக் கொடுக்கும்போது, "இந்தப் பில்டர்ல டிகாக்‌ஷன் இறங்குறதுக்குள்ள பொழுதே இறங்கிடுதும்மா" என்று போகிறபோக்கில் சொன்ன ஒரே வாக்கியத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, தீபாவளிக்குக் கும்பகோணம் பித்தளைப் பில்டர் ஒன்றைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனாள். அதே பெரியம்மாவுக்கு அதே தீபாவளியில் அவர் கொடுத்தது, ஏழெட்டுப் பேர் தாராளமாகப் படுத்துப் புரளக்கூடிய பவானி ஜமக்காளம். "இதுல யாருடா உட்காரப் போறாங்க?" என்று கிழவி கேட்டதற்கு, "விருந்தாளி வந்தா?" என்றார்.

பொங்கலன்று விருந்தாளியாக வந்தவர் அவர் ஒருவர்தாம். அவசரமாக விரிக்கப்பட்ட அந்த நீலமும் சிவப்புமான சமுத்திரத்தின் நடுவில் ஏகாங்கியாகச் சம்மணமிட்டு, புதுப் பில்டரில் இறங்கிய முதல் டிகாக்‌ஷன் காபியை நுரையோடு ஒரு வாய் உறிஞ்சியதும், அவருடைய முகத்தில் அபூர்வமான ஒரு சாந்தி பரவியது.

"பெரியம்மா, காபி தேவாமிர்தம்! எல்லாம் ஜமக்காளத்துல உக்காந்து குடிக்கிற சுகம்," என்றார், "அடுத்த தீபாவளிக்கு இன்னொண்ணு வாங்கிப் போட்டுடறேன்."