ஊருக்குத்தான் உபதேசம்

கேள்வி: 'அரசு ஊழியர்களுக்குப் பென்ஷனே கூடாது' என்கிறார்களே லிபர்டேரியன்கள்! என் வயிற்றில் ஏன் அடிக்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: பதறாதீர்கள் சார். லிபர்டேரியன் என்றால் தனிமனித சுதந்திரமே பெரிது, அரசின் கை சுருங்க வேண்டும் என்பவர். அவர் கோபம் உங்கள்மேல் இல்லை, வாக்குக் கொடுத்தவர்மேல். இன்றைய அமைச்சர் பந்தி போடுகிறார். முப்பது வருடம் கழித்து யாரோ பெற்ற பிள்ளை இலைக்குக் காசு கொடுக்கிறது என்பது அவர்கள் வாதம். 'சம்பளத்தில் பிடித்து அவரவர் பெயரில் போடு. அரசு தலையிடாதே' என்பார்கள். ஆனால், ஒப்பந்தத்தை மீறக்கூடாது என்பதும் அவர்கள் வேதம்தான். 'பென்ஷன் என்பது தள்ளிவைத்த சம்பளம்' என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டாகிவிடும்!

'அவரவர் பெயரில் போடு' என்ற இந்த மருந்தை நாடு முழுக்கப் புகட்டியது சிலி. 1981-ல், பினோசெட்டின் ராணுவ ஆட்சியில், ஊதியத்தில் 10 சதவீதம் தனியார் நிர்வகிக்கும் சொந்தக் கணக்குக்குப் போனது. விலக்கு யாருக்கு? ராணுவத்துக்கும் போலீஸுக்கும்! மருந்து கசக்கும் என்று காய்ச்சியவருக்குத் தெரியாதா?

நம் ஊரில் 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கும், 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கும் சம்பளத்தில் பிடிக்கும் பங்களிப்புப் பென்ஷன் திட்டம் வந்தது. இங்கேயும் முப்படைக்கு விலக்கு. எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கு? வழக்கமான பென்ஷன்தான். லிபர்டேரியன் முதலில் கை வைக்கச் சொல்வதும் அதில்தான். அந்த ஒரு கோஷத்துக்காவது நீங்களும் அவரும் ஒரே பந்தலில் உட்காரலாம்!