அடிவயிற்றால் அளக்கும் கார்

சென்னையை ஒட்டிய முடிச்சூரில் இருந்துகொண்டு தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரா என்று சிரிக்கிறார்கள். விவரம் தெரியாதவர்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீடு வீடாக வந்து விசாரித்துவிட்டுப் போன பகுதி இது. இங்கே மழைநீர் கணுக்காலைத் தொட்டதுமே அதைச் சீட்டுக்கடியில் வரவிட்டுத் தகவல் சொல்லும் வண்டிதான் வேண்டும். வானிலை மையத்தை எதற்குத் தொந்தரவு செய்வது?

வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கலாம் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸ். எங்கள் தெருவில் இருப்பது பரங்கிமலையின் தம்பி. மற்ற கார்கள் அலட்சியமாக ஏறி இறங்கிவிடும். இந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் குறுக்குவாட்டில் திரும்பி, அங்குலம் அங்குலமாக நகர்ந்து, அடிவயிற்றைத் தேய்த்து, ‘கர்ர்ர்’ என்று அளவெடுத்துக் கொடுக்கும். உள்ளாட்சி நிர்வாகம் இதற்குச் சம்பளமே தரலாம்.

2024 அக்டோபரில், மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. இந்தப் பருவத்துக்கு நம்ம பந்தயக் குதிரையும் அங்கேதான். மணிக்கு 250 கிலோமீட்டர் பாயக்கூடியது, கவர் போர்த்திக்கொண்டு காற்று வாங்குகிறது. ஓனர் தினமும் ஷேர் ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

அனுபவம் வீண்போகவில்லை. அடுத்து, கூரை திறக்கும் மாடலுக்கு முன்பணம் கட்டிவிட்டார். கதவு திறக்காவிட்டாலும் நீந்தி வெளியே வந்துவிடலாமாம்.