மழையறிவோர் மரபியல்

தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு தொடங்கி ஆறறிவு வரை அடுக்கிவைத்தார். மழைக்குறி சொல்வோரை வகைப்படுத்தவும் அந்த ஏணியே போதும். ஏற ஏறக் குறி பலிப்பது குறையும், வியாக்கியானம் கூடும்.

ஓரறிவுக்குக் கொன்றை. பூத்த 45ஆம் நாள் மழை என்பார்கள். முதல் சரத்திலிருந்தா, மரமே மஞ்சளான நாளிலிருந்தா என்பதில்தான் வழக்கு. பிழை கொன்றையில் இல்லை, விரல்விட்டு எண்ணுகிறவரிடம். ஈரறிவு நத்தை மழை விட்டபிறகே மதிலேறும். அது குறியல்ல, வருகைப்பதிவு.

உண்மையான வித்வான்கள் மூவறிவினர்: எறும்பும் கறையானும். எறும்பு முட்டையோடு மேடேறினால் மழை. எங்கள் வீட்டில் அந்த ஊர்வலம் முற்றத்துக் கல்லிடுக்கில் கிளம்பி, சமையலறைச் சுவரேறி, சுவிட்ச் போர்டுக்குள் நுழையும். வாயில் குருணை குருணையாக வெள்ளைச் சுமை. வழியில் சர்க்கரை டப்பா. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காது. சர்க்கரையையே மதிக்காத எறும்பைக் கண்டால் அம்மா மாடிக்கு ஓடி வடகத்தை அள்ளிவிடுவாள். (சுமையில் பெரும்பகுதி முட்டையல்ல, புழுவும் கூட்டுப்புழுவும். அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.)

கறையானின் இறகு முளைத்த வாரிசு ஈசல். அந்தியில் ஈசல் பூத்தால் அடைமழை. ஆனால் புற்று மண் நனைந்து இளகினால்தானே அது வெளியே வரும்? ஆக, அது அறிவிப்பது பெரும்பாலும் நேற்றைய மழையை. ஐப்பசியில் நேற்றுப் பெய்தது இன்றும் பெய்யும் என்பதால் பெயர் கெடாமல் பிழைக்கிறது. இந்த உத்தி ஆறறிவினரிடமும் உண்டு.

நாலறிவு, தும்பி என்கிற தட்டான். தாழப் பறந்தால் தப்பாமல் மழை. தட்டானில் ஓரினம் மழைக்காற்றைப் பிடித்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்காவுக்கே போகிறது என்று 2009இல் சார்லஸ் ஆண்டர்சன் எழுதினார். முட்டையிட அதற்கு மழைக்குட்டை வேண்டும். தன் பிழைப்பையே பணயம் வைத்துக் குறி சொல்லும் ஜோசியரை வேறெங்கே பார்ப்பது?

ஐயறிவில் தவளையைச் சேர்க்கிறேன். அது கத்துவது பெண் தேடி. கழுதைக் கல்யாணம் இந்நூலில் அடங்காது. அது குறியல்ல, மனு.

ஆறறிவினரில் நிலாக் கோட்டை பார்ப்பவர்களுக்கு ஓரளவு மரியாதை தரலாம். எட்டக் கோட்டை கட்டினால் கிட்ட மழை என்பதில், உயரத்து மேகத்தின் பனித்துகள் சாட்சிக்கு நிற்கிறது. கர்ப்போட்டக்காரர்கள் வேறு சாதி. மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் ஏறக்குறைய 14 நாளும் மேகம் சூல்கொள்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். பேறுகாலம் 195 நாள் என்பது வராகமிகிரர் கணக்கு. கூட்டிப் பார்த்தால் பிரசவம் ஆடி வாக்கில். நம் கடற்கரை ஊர்களுக்குப் பெருமழையோ ஐப்பசி, கார்த்திகையில். பெய்தால் கரு நின்றது, பெய்யாவிட்டால் கலைந்தது. இந்தச் சாத்திரம் தோற்கவே வழியில்லை.

எங்கள் தெருவிலும் கர்ப்போட்டம் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வெளியே கிளம்புமுன் எங்கள் வாசலில் நின்று, குடையை ஊன்றிக்கொண்டு உள்ளே பார்த்துக் கேட்பார்: "ஏம்மா, உங்க வீட்டு எறும்பு ஏறிடுச்சா?"